குடம் மட்டும் வேண்டாம்

ஏர்போர்ட்டுக்கு வெளியே வந்தாகிவிட்டது, இனி எதில் போவது என்பதை மட்டும் முடிவு செய்தால் போதும், அதுதான் முடியவில்லை. தள்ளுவண்டியை ஒரு தூணோரமாக நிறுத்திவிட்டு அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். இரண்டு பெரிய பெட்டிகள், கயிறு போட்டுக் கட்டிய ஓர் அட்டைப்பெட்டி, எல்லாவற்றுக்கும் மேலே சாக்கில் சுற்றிய குடம். இடது பக்கம் பிரீபெய்ட் டாக்ஸிக் கவுண்டர், அதன் முன்னால் வரிசை. வலது பக்கம் மெட்ரோவுக்கு அம்புக்குறி. செல்போனில் கூப்பிடுகிற கார்கள் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் வந்து நிற்கின்றன. பஸ்ஸும் உண்டு என்பார்கள். மற்றவர்கள் எல்லாம் டெல்லியிலேயே பிறந்தவர்கள் போல ஒரு பக்கமாகத் திரும்பி விறுவிறு என்று போகிறார்கள். “டாக்ஸி சாப், டாக்ஸி?” என்று ஒருத்தன் குடத்தின் மேல் கையை வைத்தான், நான் போட்ட சத்தத்தில் பயந்து போய்விட்டான். பாவம், அவன் என்ன செய்வான், பிழைப்பு. நாற்பது வருஷமாக அருப்புக்கோட்டையில் பாத்திரக்கடை வைத்திருப்பவன் நான், அடுத்தவன் சரக்கைத் தொட்டால் எனக்குக் கோபம் வராது, என் சரக்கைத் தொட்டால் வரும். குல்லாவைக் காது வரைக்கும் இழுத்துவிட்டுக் கொள்கிறேன். புகையா பனியா தெரியவில்லை, பகலிலேயே வெளிச்சம் அழுக்காக இருக்கிறது. எல்லா வண்டியும் ஒரே ஊருக்குள்தான் போகின்றன, கரோல்பாக்கில் ஹோட்டல், பேரும் தெரியும். ஏறி உட்கார வேண்டியதுதானே. ஏறினால் போய்ச் சேர்ந்துவிடுவேன். போய்ச் சேர்ந்தால் சாயங்காலம் வந்துவிடும். சாயங்காலம் கொடி வருவாள், பெட்டிகளை வாங்கிக்கொள்வாள், அதோடு முடிந்தது.

கொடி என்றால் பொற்கொடி. என் தங்கை இந்திராணியின் மகள், என் மகன் கோகுலுக்குக் கட்டி வைத்த பெண். போன மாதம் கோர்ட்டில் அவர்களைப் பிரித்துத் தீர்ப்பு வந்துவிட்டது. கோகுல் இப்போது புனேயில் இருக்கிறான், வேறொருத்தியோடு. ‘ஒத்து வரலப்பா’ என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டான், என்னவோ செருப்பு அளவு சேராத மாதிரி. கொடி இங்கேயே டெல்லியில் அதே வேலையில், அதே வீட்டில் தனியாக இருக்கிறாள். முன்னால் இந்த ஏர்போர்ட்டுக்கு வந்தபோதெல்லாம் அந்தக் கம்பிக்கு அப்பால் நின்று கையை ஆட்டுவாள். கோகுலுக்கு ஆபீஸ் இருக்கும், அவளுக்கும் ஆபீஸ்தான், ஆனால் அவள்தான் வருவாள். ‘டாக்ஸிக்காரன் ஊரைச் சுத்திக் காட்டிருவான் மாமா, மெட்ரோவுக்கு வாங்க’ என்று பையைப் பிடுங்கித் தலையில் வைத்துக்கொண்டு நடப்பாள், ‘கூலி குடுங்க சாமி’ என்று. ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு வெட்கமாக இருக்கும், பெருமையாகவும் இருக்கும். மெட்ரோ வாசலில் மூட்டையையெல்லாம் ஒரு மிஷினுக்குள் விட்டுச் சோதிப்பார்கள். இன்றைக்கு இந்தப் பெட்டிகளை அதற்குள் விட்டால் திரையில் என்ன தெரியும், அண்டாவும் தவலையும் இட்லிக் கொப்பரையும் தட்டு தட்டாக அடுக்கிய எவர்சில்வரும். கல்யாணத்தன்றைக்கு மேளம் முன்னால் போக, பெண்டுகள் தலையில் சுமந்து வரிசையாக என் வீட்டுக்குள் வந்த சீர். அதைப் பரணில் ஏற்றிவிட்டுத்தான் இரண்டு பேரும் டெல்லிக்கு வந்தார்கள், ஒரு டம்ளர்கூடப் புழங்கவில்லை. விலக்கு ஆனதும் பெண் வீட்டில் திருப்பிக் கொடுக்க வேண்டும், அது முறை. தங்கை வீட்டுக்குத்தான் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். அடுத்த தெருதான். இந்திராணி நடையிலேயே நின்றுகொண்டாள். “அண்ணே, வாசல்ல இறக்காத. தெருவே பாத்து நிக்க என் மக சீர் திரும்பி இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது. அவ எங்க இருக்காளோ அங்க கொண்டு போய்க் குடு.” அழவில்லை. என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. கதவைச் சாத்தவில்லை, அதைச் சாத்தியிருந்தால்கூடத் தேவலை.

பார்சல் சர்வீஸில் போட்டுவிடச் சொன்னான் கோகுல், போனில். மேளத்தோடு வந்த சாமான் லாரியில் கோழித்தீவனத்தோடு போகுமா என்று கத்தினேன். நீ பேசாதேடா என்றேன். அவன் பேசவில்லை, அவன் எப்போது பேசினான். ஆனால் நிஜத்தைச் சொன்னால் லாரியும் கோழித்தீவனமும் சாக்கு. கொடியை ஒரு தடவை பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ‘வாங்க மாமா, ஆனா வீட்டுக்கு வேணாம், ஹோட்டல்ல இருங்க, நான் வந்து வாங்கிக்கிறேன்’ என்றாள். அந்த ‘வீட்டுக்கு வேணாம்’ நெஞ்சில் சொருகியது. அவளைக் குற்றம் சொல்ல முடியாது. என் மகன் விட்டுவிட்டுப் போன வீட்டில் அவன் அப்பனுக்கு எதற்குச் சோறு போட வேண்டும். போனை எடுத்துப் பார்க்கிறேன். காரைக் கூப்பிடுகிற ஆப் இருக்கிறது, அவள்தான் போட்டுக் கொடுத்தாள், இதே போனில், போன தடவை ஊருக்குத் திரும்பும் முன்னால், ‘இனி நான் வர முடியலேன்னாலும் நீங்களே வந்துரலாம், இதைத் தொட்டாப் போதும்’ என்று. தொட்டேன். மேலே ‘வீடு’ என்று தமிழில் நிற்கிறது, பக்கத்தில் ஒரு குட்டி வீட்டுப் படம். அவள் வீடு. அதைத் தொட்டால் கார் வந்துவிடும், ஏற்றிக்கொண்டு அந்த மூன்றாவது மாடிக்குக் கீழே, துளசித் தொட்டி வைத்த பால்கனிக்குக் கீழே இறக்கிவிட்டுவிடும், யாரையும் ஒன்றும் கேட்காது. கட்டைவிரல் அதன் மேலேயே நிற்கிறது. எடு விரலை. வெட்கங்கெட்டவனே, எடு. ஹோட்டல் பேரை இங்கிலீஷில் அடிக்கப் பார்க்கிறேன், குளிரில் விரல் வழுக்கி வேறு எழுத்து விழுகிறது, திரும்ப அழித்தால் திரும்பவும் ‘வீடு’ வந்து நிற்கிறது. இதை எப்படி எடுப்பது என்று அவள் சொல்லிக் கொடுக்கவில்லை. போனை மூடிச் சட்டைப்பைக்குள் போட்டேன், அப்படியென்றால் கார் இல்லை. மெட்ரோவும் இல்லை, மெட்ரோவில் அவள் இருக்கிறாள். இப்படியே போனால் நான் நடந்துதான் போக வேண்டும்.

பெட்டிகளைக்கூட ஒரு மாதிரி ஏற்றிவிடலாம், இந்தக் குடம்தான் எதிலும் அடங்காது. உருண்டைச் சாமானை எந்தப் பெட்டியும் ஏற்காது, எவ்வளவு பேருக்கு இதைச் சொல்லி விற்றிருக்கிறேன், ஊர் மாறிப் போகிறவர்கள் குடம் வாங்காதீர்கள் என்று. பிளேனில் மடியில் வைத்துக்கொள்கிறேன் என்றேன், கூடாது என்று மேலே தட்டில் போட்டுவிட்டார்கள், இறங்கும் வரைக்கும் அது அங்கே உருளுகிற சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தேன். கொடி பெரிய மனுஷி ஆனபோது தாய்மாமன் சீராக நான் வைத்த குடம். கடையில் இருந்ததிலேயே கனமானதை எடுத்து, தட்டிப் பார்த்து, பேர் வெட்டுகிற மிஷினை நானே பிடித்து, கழுத்துக்குக் கீழே ‘பொற்கொடி, மாமன் சீர்’ என்று வெட்டினேன். பேர் வெட்டுவது என்றால் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே உயிர். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கடைக்கு வந்துவிடுவாள், டிபன் பாக்ஸில் வெட்டு, கரண்டியில் வெட்டு, சைக்கிள் பெல்லில் வெட்டு. “பேரு வெட்டிட்டா அது என்னோடது, யாரும் எடுக்க முடியாதுல்ல மாமா?” “எவன் எடுப்பான், மாமன் விட்டுருவனா?” என்பேன். விடமாட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். கல்யாணமாகி வந்தபோது குடமும் கூடவே என் வீட்டுக்கு வந்தது. மற்றதெல்லாம் பரணில் ஏற, இது மட்டும் அடுப்படியில் நின்றது, என் வீட்டுக்காரி வசந்தா அதில்தான் குடிதண்ணீர் பிடித்து வைப்பாள். பொங்கலுக்கு வந்தால் கொடி வந்ததும் வராததுமாக அதில் சொம்பை விட்டு மோந்து அண்ணாந்து குடிப்பாள், சேலை முந்தியெல்லாம் நனையும். சாமான்களைப் பற்றிக் கேட்கக் கொடியைப் போனில் கூப்பிட்டபோது கடையில் கூட்டம், ஒரே சத்தம். எல்லாம் சரி சரி என்றாள். கடைசியில், “குடம் மட்டும் வேண்டாம் மாமா. அது அங்கேயே இருக்கட்டும்” என்றாள். வேண்டாம். எனக்கு அதற்கு மேல் ஒன்றும் ஓடவில்லை, சரிம்மா என்று வைத்துவிட்டேன், கல்லாவுக்குள் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். அவள் அப்பா அம்மா போட்டது வேண்டும். மாமன் போட்டது வேண்டாம். மாமனார் போனால் போகட்டும், அது என் மகனோடு வந்த உறவு, அவனோடு போகிறது. மாமன் அவள் பிறந்தபோதே வந்தவன் இல்லையா. என் மடியில் உட்கார வைத்துத்தானே அவளுக்குக் காது குத்தினார்கள், வலியில் என் மணிக்கட்டைக் கடித்தாளே, அதையும் கோர்ட்டில் தீர்த்துவிட்டார்களா.

அதனால்தான் கொண்டு வந்தேன். நேரில் நீட்டினால் வேண்டாம் என்று சொல்ல மாட்டாள். கையில் வாங்கிக்கொண்டாள் என்றால் நான் இன்னும் அவளுக்கு மாமன். வாங்கவில்லை என்றால்… அந்த இடத்தில் வந்து யோசனை நின்றுவிடுகிறது, பிளேனிலும் அங்கேதான் நின்றது, அதற்குமுன் வீட்டில் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தபோதும். வசந்தா பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். “வேணாம்னு சொன்னதை எதுக்குங்க தூக்கிட்டுப் போறீங்க. இதையாவது விட்டுட்டுப் போங்களேன்.” உனக்கு ஒரு பித்தளைக் குடத்தின் மேல் ஆசையா என்று கேட்டுவிட்டேன், வாயில் வந்தது. அவள் உள்ளே போய்விட்டாள். குடம் இருந்த இடத்தில் தரையில் வட்டமாக ஒரு கறை, இத்தனை வருஷ ஈரத்தில் விழுந்தது. கிளம்பும்போது அதைத் தாண்டித்தான் போய்த் தண்ணீர் குடித்தேன், பிளாஸ்டிக் கேனில் பிடித்து. நன்றாகவே இல்லை. சாயங்காலம் அவள் வந்ததும் என்ன சொல்வது. ‘நல்லா இருக்கியா’ என்று கேட்கக் கூடாது. கோகுல் பேரை எடுக்கவே கூடாது. பெட்டியைத் திறந்து காட்டலாமா, எல்லாம் சரியாக இருக்கிறதா பார்த்துக்கோ என்றா, நான் என்ன கடைக்காரனா. கடைக்காரன்தான். முதலில் குடத்தை எடுப்பதா, கடைசியிலா. சாக்கைப் பிரித்து வைப்பதா. ‘மாமன் வச்ச சீரை ஒதுக்கக் கூடாதுடா’ என்று சொல்லலாம், அது அதட்டுகிற மாதிரி இருக்கும். காலில் விழுந்துவிடலாம் என்றுகூடத் தோன்றுகிறது, வயதுக்கு அழகில்லை, அவள் பதறிப் போவாள். துப்பாக்கி மாட்டிய ஒரு போலீஸ்காரர் வந்து கையால் காட்டினார், இங்கே நிற்காதே, நகர். நகர்ந்தேன். அடுத்த தூணுக்கு. மூட்டையைப் பார்த்துவிட்டு என்ன என்றார், ஹிந்தியில். சாக்கை விலக்கிக் காட்டினேன். பித்தளை பளபளவென்று இருந்தது. அவர் லேசாகச் சிரித்து, “ஷாதி?” என்றார். கல்யாணமா என்று கேட்கிறார், அந்த வார்த்தை எனக்குத் தெரியும். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். ஏன் ஆட்டினேன் என்று தெரியவில்லை, அழுகை வந்தது, சளி பிடித்த மாதிரி மூக்கைச் சிந்திக்கொண்டேன்.

எதில் வருவது என்று அவளையே கேட்டால் என்ன. அதில் தப்பில்லை. ஊருக்குப் புதிதாக வந்தவன் வழி கேட்கிறான், அவ்வளவுதான், யாராக இருந்தாலும் சொல்லத்தான் செய்வார்கள். போனைப் போட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள், எடுக்க மாட்டாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

“மாமா? இறங்கிட்டீங்களா?”

“இறங்கிட்டேன்டா. எதுல வாரதுன்னுதான் புரியல. நிக்கேன்.”

“எத்தனை உருப்படி?”

“ரெண்டு பெட்டி. ஒரு அட்டைப்பெட்டி.” குடத்தைச் சொல்லவில்லை.

“டாக்ஸியே பிடிங்க மாமா. மெட்ரோ வேணாம், நடை ஜாஸ்தி, உங்க முட்டி தாங்காது. பிரீபெய்ட்ல சீட்டு வாங்கிக்கங்க, இறங்குற வரைக்கும் அந்தச் சீட்டை டிரைவர்கிட்ட குடுத்துறாதீங்க. குல்லா போட்டிருக்கீங்களா?”

போட்டிருக்கிறேன் என்றேன். முட்டியை அவள் மறக்கவில்லை. அது போதும் என்று இருந்தது, அங்கேயே வைத்திருக்கலாம். அவள்தான் விடவில்லை.

“மாமா, சாயங்காலம் நான் வரல. என்கூட வேலை பாக்குற பொண்ணு வண்டி எடுத்துட்டு வருவா, அவகிட்ட குடுத்துருங்க.”

“ஏன்டா? ஒரு நிமிஷம் வந்துட்டுப் போயேன். நான் ஒண்ணும் பேச மாட்டேன்.”

“நீங்க பேச வேணாம் மாமா. பாத்தாலே உடைஞ்சிருவேன். இப்பத்தான் கொஞ்சம் சாப்பிட்டு, தூங்கி, ஆபீஸ் போயிட்டு வரேன். இன்னொரு நாள் பாப்போம். இப்ப வேணாம்.”

யாரோ முகம் தெரியாத ஒரு பெண்ணின் கையில் இதை எப்படிக் கொடுப்பது. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது.

“கொடி, குடமும் இருக்குடா.”

போன் நின்றுவிட்டதோ என்று எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பக் காதில் வைத்தேன்.

“எந்தக் குடம்?”

“நான் வச்சது. சீர்க்குடம். கோவத்துல வேணாம்னு சொல்றன்னு தெரியும். உன் கோவம் நியாயம்தான். ஆனா மாமனைத் தள்ளிறாத தாயி, அதை மட்டும் வாங்கிக்க.”

“கோவமா? உங்க மேலயா?” குரல் உடைந்தது. “அங்கேயே இருக்கட்டும்னு சொன்னேனே மாமா. நான் இருந்த வீட்டுல என் பேரு போட்ட சாமான் ஒண்ணாவது இருக்கட்டும்னுதான சொன்னேன். அத்தை தினமும் அதுல தண்ணி எடுப்பாங்க, என் பேரு அவங்க கையில படும்னு நெனைச்சுக்கிட்டுக் கெடந்தேன். எல்லாத்தையும் வழிச்சு எடுத்துட்டு வந்துட்டீங்களா மாமா?”

தள்ளுவண்டி நகர்ந்து போய்த் தூணில் முட்டி நின்றது. அங்கேயே இருக்கட்டும். அதைத்தான் சொல்லியிருக்கிறாள், என் காதிலும் விழுந்திருக்கிறது, வேண்டாம் என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டேன். வீட்டில் அவளுடையது என்று இருந்த கடைசிச் சாமானைப் புளி போட்டுத் தேய்த்து, சாக்கில் கட்டி, நானே வெளியே தூக்கி வந்திருக்கிறேன். வசந்தாவுக்குத் தெரிந்திருக்கிறது.

“திரும்பக் கொண்டு போயிர்றேன்டா,” என்றேன். “அதே இடத்துல வச்சிர்றேன்.”

“வெறுமனே வைக்க வேணாம். தண்ணி புடிச்சு வைக்கச் சொல்லுங்க அத்தையை.” எனக்கும் வைக்க மனம் வரவில்லை, அவளுக்கும் வரவில்லை போலிருக்கிறது, கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அழுதுகொண்டே நின்றோம், பிறகு அவள்தான் வைத்தாள்.

வரிசையில் போய் நின்றேன். சீட்டு வாங்கினேன். டிரைவர் வயதானவர், சால்வை போர்த்தியிருந்தார். பெட்டிகளைத் தூக்கும்போது முனகினார், அட்டைப்பெட்டியை உள்ளே தள்ளினார், பிறகு குடத்துக்குக் கை நீட்டினார். “இது வேணாம்யா, இது இங்க இறங்காது, ஊருக்குத் திரும்பிப் போகுது,” என்று தமிழிலேயே சொன்னேன். அவருக்கு என்ன புரிந்ததோ, டிக்கியை மூடிவிட்டார். பின்சீட்டில் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சாக்கு தளர்ந்திருந்தது, உள்ளே கையை விட்டால் பித்தளை சில்லென்று இருந்தது, எழுத்து விரலில் தட்டுப்பட்டது. அவள் இதே ஊரில்தான் எங்கேயோ இருக்கிறாள், நான் அவளைப் பார்க்கப் போவதில்லை. கார் கிளம்பியதும் வசந்தாவுக்குப் போன் போட்டேன். சேர்ந்துவிட்டீர்களா, கொடியைப் பார்த்தீர்களா, மெலிந்திருக்கிறாளா என்று கேட்டுக்கொண்டே போனாள். “அடுப்படியில அந்தக் கறையைத் தேச்சிட்டியா?” என்றேன். “இல்லீங்க, தேய்க்க மனசு வரல” என்றாள். “தேய்க்காத, அப்படியே இருக்கட்டும், குடம் வருது” என்றேன்.